கேனில் இருக்கும் ரெண்டு கரு: சொந்தபந்தம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் மகள் 2020-ல் ஐ.வி.எஃப். (கருவை உடம்புக்கு வெளியே உருவாக்கிக் கர்ப்பப்பையில் வைக்கும் சிகிச்சை) மூலம் பிறந்தவள். எங்களுக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம், சிகிச்சை எடுத்தது கோயமுத்தூரில். இதை நாங்கள் யாரிடமும் மறைக்கவில்லை. அதனால் கல்யாண வீடு, காதுகுத்து, மாரியம்மன் நோம்பி என்று எங்கே போனாலும் யாராவது ஒருத்தர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு மெதுவான குரலில் ஏதாவது கேட்பது வழக்கமாகிவிட்டது. ஊசி எத்தனை, வலிக்குமா என்று ஆரம்பிக்கும், அப்புறம் மிச்சமான கருவை என்ன செய்வாங்க, அதுக்கு உயிர் இருக்கா, வெளிநாட்டுக்கு வித்துருவாங்களாமே என்று போகும். நான் டாக்டர் இல்லை, பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்துகிறவள். ஒரே பதிலை நாற்பது தடவை சொல்வதற்குப் பதிலாக ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது. செலவைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள், அது இடத்துக்கு இடம் மாறும்.

டெஸ்ட் டியூப் பேபி என்றால் குழந்தை குழாயிலேயே வளருமா?

இல்லை. குழாய் கூடக் கிடையாது, கைக்கு அடக்கமான தட்டையான ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் கரு இருப்பது அதிகபட்சம் 5 அல்லது 6 நாள். அதற்கப்புறம் கர்ப்பப்பைக்குள் வைப்பார்கள், இல்லாவிட்டால் உறைய வைப்பார்கள். மீதி ஒன்பது மாதமும் எல்லாரையும் போலத்தான், வாந்தி உட்பட.

அந்த 5 நாளுக்கு முன்னால் நடப்பதுதான் பெரிய வேலை. சாதாரணமாக மாதம் ஒரு முட்டை முதிரும். அதை ஒரே மாதத்தில் பத்துப் பன்னிரண்டாக ஆக்க தினமும் வயிற்றில் ஹார்மோன் ஊசி, சுமார் 10 நாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஸ்கேன். கடைசியாக ஒரு ஊசி போட்டு, ஏறக்குறைய 36 மணி நேரம் கழித்து மயக்கம் கொடுத்து, ஊசியால் சினைப்பையைக் குத்தி முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். எனக்கு 11 முட்டை வந்தது. எட்டு கருவானது, நான்கு மட்டும் ஐந்தாம் நாளைத் தொட்டது. முதலில் வைத்தது தங்கவில்லை, இரண்டாவது எங்கள் மகள், மீதி ரெண்டு உறைந்த நிலையில் ஆஸ்பத்திரிக் கேனில் இருக்கிறது. முட்டை எடுத்த மறுநாள் எனக்கு வயிறு ஊதி, நீர் கோர்த்து, நான்கு நாள் மல்லாந்து படுக்க முடியவில்லை. வீட்டுக்காரருக்கு அன்று இருந்த வேலை ஒரு சின்ன டப்பா, ஒரு கதவு சாத்திய அறை. குறை சொல்லவில்லை, விஷயம் அப்படி. ஆனால் கருவைப் பற்றி உலகத்தில் நடக்கும் எந்த விவாதத்தையும் படிக்கும்போது இந்தக் கணக்கு எனக்கு ஞாபகம் வரும்.

மாட்டுக்குப் போடுற சினை ஊசியும் இதுவும் ஒண்ணுதானே?

எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) கேட்ட கேள்வி. கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் அவர் பாதி சரி. சினை ஊசி என்பது விந்தை எடுத்துப்போய் உள்ளே வைப்பது மட்டும்தான், கரு உருவாவது வயிற்றுக்குள். மனிதர்களுக்கும் அது உண்டு, ஐ.யூ.ஐ. என்பார்கள். ஐ.வி.எஃப்.பில் கருவே வெளியில் உருவாகிறது.

மற்றபடி சங்கதி மாட்டிலிருந்தும் கோழியிலிருந்தும்தான் நமக்கு வந்தது. சினை ஊசி போடுகிறவர் பைக்கில் ஒரு கேனைக் கட்டிக்கொண்டு வருவாரே, மூடியைத் திறந்தால் புகை மாதிரி வருமே, அது திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. என் ரெண்டு கரு இருப்பதும் அதே மாதிரி கேனில்தான், கொஞ்சம் பெரிசு. உறைய வைத்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் ஐஸ் ஊசியாகி செல்லைக் கிழித்துவிடும், அதுதான் ரொம்ப நாள் தடையாக இருந்தது. 1949-ல் லண்டனில் கிறிஸ் போல்ஜ் என்ற இளைஞர் சேவல் விந்தை வைத்துச் சோதனை செய்துகொண்டிருந்தபோது ஒரு பாட்டில் மட்டும் அதிசயமாக வேலை செய்தது. பார்த்தால் லேபிள் மாறியிருக்கிறது, அவர் சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து ஊற்றியதில் கிளிசரின் இருந்திருக்கிறது. நாமக்கல்காரர்கள் தாராளமாகப் பெருமைப்படலாம், மனித விந்தை உறைய வைக்க வழி காட்டியது கோழி. 1953-லேயே அமெரிக்காவின் அயோவாவிலிருந்து, உறைய வைத்த விந்தால் பெண்கள் கருவுற்ற செய்தி வந்துவிட்டது. உறைந்த கருவிலிருந்து பிறந்த முதல் குழந்தை என்று உலகப் பதிவில் இருப்பது 1984-ல், ஆஸ்திரேலியாவில்.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

பாடப்புத்தகப் பதில்: ராபர்ட் எட்வர்ட்ஸ், பேட்ரிக் ஸ்டெப்டோ. இங்கிலாந்தில் ஓல்டாம் என்ற மில் ஊர், நம் திருப்பூரை நினைத்துக்கொள்ளுங்கள், 1978 ஜூலை 25, லூயிஸ் பிரவுன் என்ற பெண் குழந்தை. 2010-ல் எட்வர்ட்ஸுக்கு நோபல் கிடைத்தது. ஸ்டெப்டோ அதற்குள் இறந்துவிட்டார்.

பாடப்புத்தகத்தில் வராத ஆட்கள் நிறைய. அவர்களோடு மூன்றாவதாக ஜீன் பர்டி இருந்தார், நர்ஸாகப் படித்தவர், லேபில் கருக்களை வளர்த்துப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். 1985-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார். ஓல்டாமில் நினைவுக் கல்வெட்டு வைத்தபோது அவர் பெயரையும் போடுங்கள் என்று எட்வர்ட்ஸ் எழுதிக் கேட்டும் போடவில்லை. இன்னொரு கணக்கு: 1969-க்கும் 1978-க்கும் நடுவில் அந்த ஓல்டாம் முயற்சிக்குத் தங்களைக் கொடுத்த பெண்கள் 282 பேர். குழந்தை பிறந்தது இரண்டு பேருக்கு. மீதி 280 பேர் ஏதோ ஒரு மார்கழிக் குளிர் மாதிரிக் குளிரில் பஸ் ஏறி வந்து, வயிற்றில் துளை போட்டுக்கொண்டு, வெறுங்கையோடு திரும்பியவர்கள். என் மகள் என் மடியில் இருப்பதில் அவர்களுக்கும் பங்கு இருக்கிறது.

அதற்கும் முன்னால் அமெரிக்காவில் மிரியம் மென்கின். ஜான் ராக் என்ற மகப்பேறு டாக்டரிடம் உதவியாளர். கர்ப்பப்பையை எடுக்க வந்த பெண்களிடமிருந்து கிடைத்த முட்டைகளோடு விந்தைச் சேர்த்துப் பார்ப்பது வேலை. சுமார் 6 வருஷம், 138 முட்டை, ஒன்றும் நடக்கவில்லை. 1944 பிப்ரவரியில் ஒரு நாள், கைக்குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், ராத்திரி முழுக்கத் தூங்காமல் வேலைக்கு வந்தவர் அசதியில் விந்தை வழக்கம் போல மூன்று தடவை கழுவாமல் ஒரு தடவை மட்டும் கழுவி, அரை மணி நேரத்தில் எடுக்க வேண்டியதை ஒரு மணி நேரம் விட்டுவிட்டார். மனித வரலாற்றில் உடம்புக்கு வெளியே உருவான முதல் மனிதக் கரு அதுதான். பிள்ளை தூங்கவிடாததால் நடந்த கண்டுபிடிப்பு. அந்தக் குழந்தைக்கும் ஒரு நோபல் கொடுக்கலாம்.

இந்தியாவில்?

கொல்கத்தா. டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய். 1978 அக்டோபர் 3, லூயிஸ் பிரவுன் பிறந்து இரண்டு மாதம் சொச்சம்தான் ஆகிறது, துர்கா என்று அழைக்கப்பட்ட குழந்தை பிறந்தது. அவர் செய்த விதம் இங்கிலாந்தை விடவும் இன்று நாம் செய்வதற்கு நெருக்கம்: ஹார்மோன் ஊசி போட்டுப் பல முட்டைகளை முதிர வைத்தார், கருவை உறைய வைத்து அப்புறம் வைத்தார். மாநில அரசு ஒரு விசாரணைக் குழு போட்டது, குழு நம்பவில்லை, வெளிநாடு போய்ப் பேச அனுமதி இல்லை, கடைசியில் அவரைக் கண் மருத்துவப் பிரிவுக்கு மாற்றினார்கள். கருவில் வேலை செய்தவருக்குக் கண் ஆஸ்பத்திரி! 1981 ஜூன் 19-ல் தற்கொலை செய்துகொண்டார்.

1986 ஆகஸ்டில் மும்பையில் டாக்டர் இந்திரா ஹிந்துஜாவும் டி.சி. ஆனந்த குமாரும் சேர்ந்து கொண்டுவந்த குழந்தைதான் இந்தியாவின் முதல் என்று பதிவானது. அப்புறம் ஆனந்த குமாரே கொல்கத்தாவுக்குப் போய் முகோபாத்யாயின் குறிப்பேடுகளைப் படித்துவிட்டு, முதல் நான் இல்லை, அவர்தான் என்று 1997-ல் எழுதினார். தன் பெயருக்கு முன்னால் இருந்த முதல் இடத்தைத் தானே எடுத்துக் கொடுப்பது எத்தனை பேரால் முடியும்? பத்திர ஆபீசில் ஒரு சென்ட் நிலத்துக்கு அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லாமல் போகிற ஊர் நம்முடையது.

கௌரவர்களே டெஸ்ட் டியூப் பேபிதானாமே?

2019-ல் ஜலந்தரில் நடந்த அறிவியல் மாநாட்டில் ஒரு துணைவேந்தரே அப்படிப் பேசினார், அதிலிருந்து இந்தக் கேள்வி வாட்ஸ்அப்பில் ஓய்வதில்லை. பாரதக் கதையில் காந்தாரி பெற்ற சதைப் பிண்டத்தை நெய்க்குடங்களில் பிரித்து வைக்கிறார்கள். கதை. அழகான கதை. முட்டை என்ற ஒன்று பாலூட்டிகளுக்கு உண்டு என்பதையே 1827-ல்தான் கார்ல் எர்ன்ஸ்ட் ஃபான் பேயர் ஒரு நாயின் உடலில் கண்ணால் பார்த்தார். நிஜமாகவே நம் நாட்டில் செய்து காட்டியவரை 1981-ல் சாக விட்டுவிட்டு நெய்க்குடத்துக்குப் பெருமைப்படுவது எனக்குக் கசக்கிறது.

கரு ஆராய்ச்சி என்றால் என்ன? எதற்காக?

ஐந்தாம் நாள் கரு என்பது நூறு, இருநூறு செல்கள் கொண்ட ஒரு பந்து. அகலம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கூட இருக்காது, ராகி மணியை விட ரொம்பச் சின்னது. வெளிச்சுவர் நஞ்சுக்கொடியாகும், உள்ளே ஒட்டியிருக்கும் கொத்துதான் குழந்தையாகும். ஏன் சில கரு ஒட்டுகிறது, சிலது ஒட்டுவதில்லை, ஏன் சிலருக்குத் திரும்பத் திரும்பக் கலைகிறது, இதெல்லாம் தெரிய வேண்டுமென்றால் யாராவது கருவைப் பார்க்க வேண்டும். அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் ஸ்டெம் செல். 1998-ல் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேம்ஸ் தாம்சன் அந்த உள்கொத்தை எடுத்து, முடிவில்லாமல் பெருகவும் உடம்பின் எந்த வகைச் செல்லாகவும் மாறவும் கூடிய செல்களாக வளர்த்துக் காட்டினார். எடுத்தால் கரு போய்விடும். அங்கேதான் சண்டை. 2001 ஆகஸ்டில் அதிபர் புஷ், அதுவரை எடுத்தாகிவிட்ட செல்களுக்கு மட்டும்தான் அரசுப் பணம் என்று கோடு கிழித்தார். 2006-ல் ஜப்பானில் ஷின்யா யமனாகா எலியின் சாதாரணத் தோல் செல்லையே அந்த நிலைக்குத் திருப்பிக் காட்டியதும், மறு வருஷம் மனிதச் செல்லிலும் அது நடந்ததும் சண்டையின் சூடு கொஞ்சம் தணிந்தது.

அதென்ன 14 நாள் கணக்கு?

கருவை லேபில் 14 நாளுக்கு மேல் வளர்க்கக் கூடாது. இந்தியாவிலும் 2017 ஸ்டெம் செல் வழிகாட்டு நெறி இதைத்தான் சொல்கிறது, 14 நாள் அல்லது கருவில் முதல் கோடு தோன்றுவது, எது முந்தியோ அது. நம் ஊரில் 16-ஆம் நாள் காரியம் மாதிரி ஏதோ சாஸ்திரம் என்று நினைக்காதீர்கள். இது கமிட்டி போட்டுப் பேசி வந்தது.

லூயிஸ் பிரவுன் பிறந்த பிறகு பிரிட்டனில் பயம் வந்துவிட்டது, லேபில் என்னென்ன செய்வார்களோ என்று. 1982-ல் மேரி வார்னாக் என்ற தத்துவ அறிஞர் தலைமையில் குழு போட்டார்கள், 1984-ல் அறிக்கை. குழுவில் ஆன் மெக்லாரன் என்ற உயிரியல் அறிஞர் இருந்தார், அவர் விளக்கியது இது: சுமார் 14, 15-ஆம் நாளில் கருவில் ஒரு கோடு விழும், தலை எந்தப் பக்கம், முதுகு எந்தப் பக்கம் என்று அங்கேதான் முடிவாகும், அதற்கு முன்னால் ஒரு கரு இரண்டாகப் பிரிந்து இரட்டையாகக்கூட ஆகலாம், ஆகவே அதை இன்னும் ஒரு ஆள் என்று எண்ண முடியாது. இது ஒரு நியாயம். வார்னாக்கின் நியாயம் வேறு: எல்லாரும் எண்ணக்கூடிய ஒரு நம்பர் வேண்டும், வலி தெரியுமா, உணர்வு வந்ததா என்று இழுத்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள், 14 என்றால் யாரும் எண்ணிப் பார்க்கலாம். 1990-ல் அது சட்டமானது.

வேடிக்கை என்னவென்றால், அப்போது யாராலும் கருவை வெளியில் 14 நாள் வளர்க்கவே முடியாது. ஓடாத வண்டிக்கு வேகத்தடை போட்ட மாதிரி. 2016-ல் கேம்பிரிட்ஜிலும் நியூயார்க்கிலும் இரண்டு குழுக்கள் 13 நாள் வரை கொண்டுபோய்விட்டு, விதிக்காக நிறுத்தினார்கள். வண்டி ஓட ஆரம்பித்ததும் வேகத்தடையை எடுக்கலாமா என்ற பேச்சும் வந்தது. 2021-ல் ஸ்டெம் செல் ஆராய்ச்சியாளர்களின் சர்வதேசச் சங்கம், 14-ஐ முழுத் தடை என்ற பட்டியலிலிருந்து எடுத்து, தனித்தனியாகப் பரிசீலிக்கலாம் என்று மாற்றியது. எனக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. ஆராய்ச்சி வேண்டாம் என்பதில்லை, வாக்குக் கொடுத்து மக்களிடம் வாங்கிய அனுமதியை மாற்றுவதாக இருந்தால் மறுபடியும் மக்களிடம் வந்து பேச வேண்டும்.

அந்தக் கருவுக்கு உயிர் இருக்கா இல்லையா?

செல்லுக்கு உயிர் இருக்கிறது. விந்துக்கும் முட்டைக்கும் கூடத்தான். நீங்கள் கேட்பது அது ஒரு ஆளா என்று, அதற்கு மைக்ராஸ்கோப்பில் பதில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபைக்குக் கருவான நொடியிலிருந்தே ஆள்தான், 1987-ல் அது ஐ.வி.எஃப்.பையே ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. இஸ்லாமிய அறிஞர்களில் பலர் 120 நாள் என்பார்கள். நம் பக்கம் மூன்று மாதம் முடியும் வரை வெளியில் சொல்ல மாட்டோம், ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ வளைகாப்பு, அதுவே ஒரு படிப்படியான கணக்குதான். அமுச்சி சொன்னது: "வவுத்துல தங்குனாத்தான் கண்ணு புள்ளை, அது வரைக்கும் வெதை." இயற்கையாக உருவாகும் கருக்களிலேயே கணிசமான பங்கு, பெண்ணுக்குத் தெரியாமலே மாதவிலக்கோடு போய்விடுகிறது, அதற்கு யாரும் தலைமுழுகுவதில்லை.

எனக்கு? முதல் கரு தங்காதபோது நான் அழுதேன், அது பிள்ளை போன அழுகை இல்லை, ஆனால் ஒன்றுமே போகாத அழுகையும் இல்லை. இதற்கு மேல் என்னால் சொல்லத் தெரியவில்லை.

ஆராய்ச்சிக்கு முட்டை எங்கிருந்து வருகிறது?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை, நானே போட்டுக்கொண்டது. கருவுக்கு உயிர் உண்டா என்று நாற்பது வருஷமாக மாநாடு நடத்துகிறார்கள், கரு வருவதற்கு முன்னால் ஒரு பெண்ணின் வயிற்றில் ஊசி இறங்கியிருக்கிறதே, அதற்கு எத்தனை மாநாடு?

தென் கொரியாவில் ஹ்வாங் ஊ-சுக் என்ற விஞ்ஞானி, மனிதக் கருவைக் குளோன் செய்து ஸ்டெம் செல் எடுத்துவிட்டதாக 2004, 2005 இரண்டு வருஷமும் அறிவித்தார். நாடே கொண்டாடியது. எல்லாம் பொய், 2006 ஜனவரியில் இரண்டு கட்டுரைகளும் திரும்பப் பெறப்பட்டன. பொய் என்பது பெரிய செய்தி. அந்தப் பொய்க்கு 2,000-க்கும் மேற்பட்ட முட்டைகள் செலவாயின என்பதும், கொடுத்தவர்களில் அவருடைய லேபில் வேலை பார்த்த இளம் பெண்களும் இருந்தார்கள் என்பதும், பணம் கைமாறியது என்பதும் சின்ன செய்தி. மேலதிகாரி கேட்டால் நீங்கள் மறுப்பீர்களா?

கொரியா வரைக்கும் போக வேண்டாம். 2022 ஜூனில் நம் ஈரோட்டில் வெளிவந்த வழக்கு. 16 வயதுப் பெண், ஆதாரில் வயதைக் கூட்டி, சொந்தத் தாயே திரும்பத் திரும்ப ஆஸ்பத்திரிகளுக்கு அழைத்துப்போய் முட்டை விற்க வைத்திருக்கிறார், நடுவில் புரோக்கர். கைது நடந்தது, ஆஸ்பத்திரிகளுக்கு சீல் வைத்தார்கள். எனக்கு 11 முட்டை எடுத்து நான்கு நாள் படுக்க முடியாமல் இருந்தது வளர்ந்த உடம்பு, வேண்டி விரும்பிச் செய்தது. அந்தப் பெண்ணை நினைத்தால் இன்றும் சோறு இறங்காது.

2021-ல் வந்த கருத்தரிப்பு உதவிச் சட்டம், 2022 ஜனவரியில் அமலானது, இதைக் கட்டுப்படுத்தத்தான் பார்க்கிறது. முட்டை கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35-க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே தடவை. ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. அவருக்கு 12 மாதம் காப்பீடு போட வேண்டும். கரு விற்பனை குற்றம், மனிதக் கருவை ஆராய்ச்சிக்காக வெளிநாட்டுக்கு அனுப்புவது முழுத் தடை, ஆகவே வித்துருவாங்களாமே என்று கேட்பவர்களுக்கு: வித்தால் சட்டப்படி மாட்டுவார்கள். சட்டம் சரி. ஆனால் ஈரோட்டில் பொய்யானது ஆதாரே, காகிதத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொள்ளும் டாக்டரைச் சட்டம் எழுதிய காகிதம் என்ன செய்யும் என்பதுதான் என் சந்தேகம்.

தானம் கொடுத்தவர் என்ன கூட்டம், அதாவது எந்தக் குலம், என்று சொல்வார்களா?

சிரிக்காதீர்கள், இதுதான் அதிகம் பேர் கேட்பது, அதுவும் குரலை இன்னும் தாழ்த்திக்கொண்டு. ஒரே கூட்டத்துக்குள் பங்காளி, பெண் எடுக்க மாட்டோம் என்று இருக்கும் ஊரில் பயம் இரண்டு விதம்: எங்கிருந்தோ வந்ததாகிவிடுமோ என்பது ஒன்று, நாளைக்கு அண்ணனும் தங்கையும் தெரியாமல் கட்டிக்கொள்வார்களோ என்பது இன்னொன்று.

இரண்டாவது பயம் நியாயமானது, சட்டமும் அதைப் பார்த்திருக்கிறது: ஒருவர் கொடுத்ததை ஒரு தம்பதிக்கு மட்டுமே கொடுக்கலாம். முதல் பயத்துக்கு, கொடுத்தவர் யார் என்பது ரகசியம், பிறக்கும் குழந்தை எல்லா உரிமையோடும் உங்கள் குழந்தை. குலதெய்வம் கோயிலில் முடி இறக்கும்போது சாமி டி.என்.ஏ. ரிப்போர்ட் கேட்பதில்லை.

ரகசியம் என்பதற்கு ஒரு மோசமான வரலாறும் இருக்கிறது. 1884-ல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் குழந்தை இல்லாமல் வந்த ஒரு பெண்ணுக்கு, பேன்கோஸ்ட் என்ற டாக்டர் குளோரோஃபார்ம் கொடுத்து, வகுப்பிலேயே லட்சணமான மாணவனின் விந்தைச் செலுத்தினார். குறை கணவரிடம். கணவருக்கு அப்புறம் சொன்னார்கள். அவருக்குச் சந்தோஷம், மனைவிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்றார். உலகத்துக்கே 1909-ல்தான் தெரிந்தது. குறை ஆணிடம் இருந்தாலும் "மலடி" என்ற சொல் பெண்ணுக்குத்தான் என்பதில் பிலடெல்பியாவும் பெருந்துறையும் ஒன்றுதான். குழந்தையில்லாத தம்பதிகளில் ஆண் பக்கக் காரணமும் நிறையவே உண்டு, மாப்பிள்ளைக்கும் டெஸ்ட் எடுங்கள். முதலில் எடுங்கள், செலவு குறைவு.

கருவிலேயே ஆணா பெண்ணா பார்த்து வைக்க முடியுமா?

முடியும். கூடாது. 1994 சட்டம், 2003 திருத்தம் வழியாகக் கருவாவதற்கு முந்திய தேர்வையும் தடுக்கிறது, 2021 சட்டமும் அதையே சொல்கிறது. இதில் ஒரு முரண் உண்டு: கருவைப் பரிசோதித்து வைக்கும் முறையே 1990-ல் லண்டனில் பாலினம் பார்க்கத்தான் முதலில் பயன்பட்டது, ஆண் பிள்ளைகளைத் தாக்கும் பரம்பரை நோயுள்ள குடும்பங்களுக்குப் பெண் கருவை வைத்தார்கள். பெண் வேண்டும் என்பதற்காக! நம் பக்கத்தில் 1992-ல் சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிக்க வேண்டியிருந்தது எதனால் என்று இங்கே யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. "ரெண்டாவது பையனா வெச்சுக்குங்க" என்று என்னிடமே ஒரு மாமா சொன்னார். அவருக்கு இந்தப் பதில்.

வாடகைத் தாய்?

வாடகை இப்போது கிடையாது, பணத்துக்குச் செய்தால் குற்றம். 25 முதல் 35 வயது, கல்யாணமாகிச் சொந்தக் குழந்தை உள்ள பெண், வாழ்நாளில் ஒரு தடவை, தன் முட்டையைக் கொடுக்காமல், 36 மாதக் காப்பீட்டோடு. பாசத்துக்காக என்று சட்டம் சொல்கிறது. கூட்டுக் குடும்பத்தில் ஏழை நாத்தனாரோ கொழுந்தியாவோ எந்த அளவுக்கு வேண்டாம் என்று சொல்ல முடியும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் நம் வீட்டு அடுப்படியில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்திருக்கலாம்.

ஜீனை மாற்றி, முட்டையே இல்லாமல் குழந்தை என்றெல்லாம் படிக்கிறோமே?

ஜீனை மாற்றியது நடந்துவிட்டது. 2018 நவம்பரில் சீனாவின் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி, எய்ட்ஸ் கிருமி தொற்றாத மாதிரி கருவிலேயே ஜீனைத் திருத்தி இரட்டைப் பெண்கள் பிறந்ததாக அறிவித்தார். உலகமே திட்டியது, 3 வருஷம் சிறை. அந்தத் தொற்றைத் தடுக்க அந்தக் குழந்தைகளுக்கு வேறு எளிய வழிகள் இருந்தன, செய்து பார்க்க வேண்டும் என்று செய்தது. இந்தியாவில் கருவின் ஜீனைத் திருத்திக் குழந்தை உண்டாக்கத் தடை.

முட்டையும் விந்தும் இல்லாமல் ஸ்டெம் செல்லை மட்டும் வைத்து 14 நாள் கரு போலவே ஒன்றை 2023-ல் இஸ்ரேலில் ஜேகப் ஹன்னா குழு உருவாக்கியது. குழந்தையாகாது. எந்தப் பெண்ணையும் குத்தாமல் ஆராய்ச்சி செய்ய இது வழி தருமென்றால் எனக்கு நல்ல செய்தி. ஆனால் கருவைப் போலவே இருப்பது எந்த நாளிலிருந்து கருவாகும் என்ற கேள்வியைக் கேட்க இன்னொரு வார்னாக் அம்மா வேண்டும்.

தொப்புள்கொடி ரத்தம் சேமிப்பதும் இதுவும் ஒன்றா?

இல்லை. அது பிறந்த பிறகு எடுப்பது, கருவோடு சம்பந்தமில்லை. தன் குழந்தைக்கே பின்னால் உதவும் என்று தனியாரிடம் பணம் கட்டி வைப்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) சொல்லியிருக்கிறது. பிரசவ வார்டில் வந்து பேசுபவரிடம் டீ வாங்கிக் குடியுங்கள், கையெழுத்துப் போடாதீர்கள்.

படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் எதைப் பார்ப்பது?

நான் பார்க்கவில்லை. முட்டை எடுக்கும் நாள் காலையில், ஒன்றும் சாப்பிடாமல், நடுங்கிக்கொண்டு, பதினைந்து பக்க இங்கிலீஷ் படிவத்தில் நர்ஸ் பென்சிலால் போட்ட பெருக்கல் குறியில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் பீரோவை ஒதுக்கும்போது எடுத்துப் படித்தால், மிச்சமான கருவை என்ன செய்யலாம் என்ற இடத்தில் 'ஆராய்ச்சிக்கு' என்ற கட்டத்தில் டிக் இருக்கிறது. டிக் நான் போட்டதும் இல்லை, வீட்டுக்காரர் போட்டதும் இல்லை. போய்க் கேட்டேன், எல்லாருக்கும் வழக்கமாகப் போடுவதுதாங்க என்றார்கள். மாற்றி எழுதி வாங்கி வந்தேன்.

அதனால்: படிவத்தை முந்தின நாளே வீட்டுக்கு வாங்கி வாருங்கள். தமிழில் கேளுங்கள். மிச்சமான கரு, இருவரில் ஒருவர் இறந்தால், பிரிந்தால், கேன் வாடகை கட்டாவிட்டால், இந்த நான்கு இடத்திலும் நீங்களே எழுதுங்கள். கருவைக் கர்ப்பப்பையில் வைக்கும் வரை இருவரில் யார் வேண்டுமானாலும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம், இது சட்டத்திலேயே இருக்கிறது. எத்தனை முட்டை வந்தது, எத்தனை கருவானது, எத்தனை உறைந்தது என்று எழுத்தில் வாங்குங்கள்.

சரி, உங்கள் ரெண்டு கருவை என்ன செய்யப் போகிறீர்கள்?

சட்டப்படி 10 வருஷத்துக்கு மேல் வைக்க முடியாது. அப்புறம் அழிய விடலாம், இல்லை எங்கள் சம்மதத்தோடு பதிவு பெற்ற ஆராய்ச்சி நிறுவனத்துக்குக் கொடுக்கலாம். 2019-ல் உறைய வைத்தது, 2029 வரை கணக்கு.

அத்தைக்கு இன்னொரு பேரன் வேண்டும், பேரன் என்றுதான் சொல்கிறார். வீட்டுக்காரர் விட்டுவிடலாம், உனக்கு இன்னொரு தடவை இந்த உடம்புப் பாடு வேண்டாம் என்கிறார். அமுச்சி போன வருஷம் போய்விட்டார், இருந்திருந்தால் வெதையை வெதையா வெச்சிருந்து என்ன பண்ணப்போற என்று கேட்டிருப்பார். எனக்கு ஓல்டாமில் வெறுங்கையோடு திரும்பிய 280 பேர் ஞாபகமாகவே இருக்கிறது, ஆராய்ச்சிக்கே கொடுத்துவிடலாம் என்று பாதி மனசு. ஆனால் யாரிடம், எதற்கு, எத்தனை நாள் என்று சொன்னால்தான். போன ஜனவரியில் கேன் வாடகை கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்த பெண்ணிடம் இதைக் கேட்டேன். இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்லைங்க மேடம், டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பணம் கட்டிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.